பாப்பிப் பூவை ஏன் கையால் செய்ய வேண்டும்?

கேள்வி இது: "மெல்பர்னுக்குக் குடிவந்து கொஞ்ச காலம்தான் ஆகிறது. எங்கள் பகுதி நூலகத்தில் நவம்பர் 11 போர் நினைவு நாளுக்காக எல்லோரும் சேர்ந்து கையால் சிவப்புப் பாப்பிப் பூ செய்கிறார்கள். என்னையும் பிள்ளைகளையும் கூப்பிடுகிறார்கள். கடையில் ஒன்று வாங்கிச் சட்டையில் குத்திக்கொண்டால் போதாதா? இது வெள்ளைக்காரர்களின் போர் நினைவுதானே, நமக்கென்ன? அப்புறம், எனக்குப் பின்னவே தெரியாது."

கண்டிப்பாகப் போங்கள். பின்னத் தெரியாதது ஒரு தடையே இல்லை, அதைக் கடைசியில் சொல்கிறேன். 'நமக்கென்ன' என்று கேட்டீர்களே, அதுதான் கனமான கேள்வி. ஆனால் அதற்கு முன் இந்தப் பூ எப்படி நினைவுச் சின்னமானது என்று தெரிந்தாக வேண்டும். தெரிந்தால் கடையா, கையா என்ற கேள்விக்குப் பாதிப் பதில் தானாகவே கிடைத்துவிடும்.

முதல் உலகப் போரில் பெல்ஜியத்திலும் வடக்குப் பிரான்சிலும் போர்முனையை ஒட்டிய நிலம் முழுக்கக் குண்டுகளால் கிளறப்பட்டது. அங்கே வயலோரங்களில் வளரும் காட்டுப் பாப்பி, நம் கசகசா காய்க்கும் செடியின் இனம். அதன் விதை மண்ணுக்குள் பல வருடம் சும்மாவே கிடக்கும். மண் புரண்டு வெளிச்சம் பட்டால்தான் முளைக்கும். பதுங்குகுழி தோண்டியபோதும் குண்டு விழுந்தபோதும் கல்லறை வெட்டியபோதும் மண் புரண்டது. வேறு எதுவும் முளைக்காத இடத்தில் இந்தச் சிவப்புப் பூ மட்டும் கூட்டம் கூட்டமாக வந்தது. 1915 மே மாதம் ஈப்ர் நகருக்கு அருகில் தன் நண்பனைப் புதைத்த கனடிய ராணுவ மருத்துவர் ஜான் மெக்ரே, சிலுவைகளுக்கு நடுவில் ஆடும் அந்தப் பூக்களைப் பற்றி ஒரு கவிதை எழுதினார். அது அந்த வருடக் கடைசியில் லண்டன் பத்திரிகை ஒன்றில் வந்து உலகம் முழுக்கப் பரவியது. மெக்ரே போர் முடிவதைப் பார்க்கவில்லை. 1918 ஜனவரியில் நிமோனியாவில் இறந்துபோனார்.

அந்தக் கவிதையைப் படித்த அமெரிக்கப் பேராசிரியை மோய்னா மைக்கேல், 1918 நவம்பர் 11இல் போர் ஓய்வதற்கு இரண்டு நாள் முன்பு நியூயார்க் கடைகளில் தேடி அலைந்து பட்டுத்துணிப் பாப்பிகளை வாங்கினார். ஒன்றைத் தான் அணிந்துகொண்டு மற்றவற்றைப் பிறருக்குக் கொடுத்தார். இதைப் பெரிய இயக்கமாக மாற்றியவர் பிரெஞ்சுப் பெண்மணி அன்னா கெரான். போரில் வீடும் தகப்பனும் போன பகுதிகளில் பெண்களும் அநாதைக் குழந்தைகளும் துணியில் பாப்பி செய்யட்டும், நேச நாடுகள் வாங்கட்டும், அந்தப் பணம் பாதிக்கப்பட்டவர்களுக்கே போகட்டும் என்பது அவருடைய யோசனை. 1921இல் ஆஸ்திரேலியாவின் முன்னாள் படைவீரர் சங்கம் பிரெஞ்சு அநாதை இல்லங்களில் செய்த 10 லட்சம் பட்டுப் பாப்பிகளை வரவழைத்தது. ஒரு பூ ஒரு ஷில்லிங், அதாவது 12 பென்ஸ். அதில் 5 பென்ஸ் பிரெஞ்சுக் குழந்தைகளுக்கு, 6 பென்ஸ் இங்குள்ள வீரர்களின் நலப் பணிக்கு, மீதி 1 பென்னி சங்கத்துக்கு. நியூசிலாந்திலும் அந்த வருடமே விற்க ஏற்பாடானது. கப்பல் தாமதமாகிப் பூக்கள் நவம்பர் 11க்கு வந்து சேரவில்லை. சரி, அடுத்த ஏப்ரலில் அன்சாக் நாளையொட்டி (ஆஸ்திரேலிய, நியூசிலாந்துப் படையினரை நினைவுகூரும் ஏப்ரல் 25) விற்போம் என்று வைத்துக்கொண்டார்கள். அங்கே பாப்பி இன்றும் ஏப்ரல் பூவாக இருப்பதற்கு அந்தத் தாமதமே காரணம்.

பிரிட்டனில் 1922இல் மேஜர் ஜார்ஜ் ஹௌசன் லண்டனில் ஒரு பாப்பிப் பட்டறை தொடங்கினார். முதலில் வேலைக்குச் சேர்ந்தவர்கள் ஐந்து பேர், ஐவரும் போரில் ஊனமடைந்தவர்கள். ஊனமுற்ற கையாலும் கோர்த்து முடிக்கக்கூடியபடி அந்தப் பூவை வடிவமைத்தார்கள். பட்டறை பெருகி ரிச்மண்டுக்கு இடம் மாறியது. அந்தப் பூவின் எளிமையான வடிவத்துக்குப் பின்னால் அப்படி ஒரு தேவை இருந்திருக்கிறது.

ஆக, கையால் செய்வது பின்னாளில் யாரோ சேர்த்த பொழுதுபோக்கு இல்லை. போரால் அடிபட்ட கைகள்தான் இந்தப் பூவை முதலில் செய்தன. கடையில் வாங்குங்கள், தப்பே இல்லை, அந்தக் காசு முன்னாள் வீரர்களுக்கும் அவர்களின் குடும்பங்களுக்கும் போகிறது. ஆனால் வாங்கிக் குத்திக்கொள்ள ஒரு நிமிடம் போதும். செய்வதற்கு அரை மணியாவது உட்கார வேண்டும், அதுவும் நாலு பேரோடு உட்கார வேண்டும்.

உங்கள் நூலகம் செய்வது போன்ற கூட்டு முயற்சிகளுக்குப் பெரிய தூண்டுதல் உங்கள் ஊரிலிருந்தே வந்தது. 2013இல் லின் பெர்ரி, மார்கரெட் நைட் என்ற இரண்டு பெண்கள், இரண்டாம் உலகப் போரில் பணியாற்றிய தங்கள் அப்பாக்களின் நினைவாக 120 பாப்பிகளைப் பின்னி மெல்பர்ன் நினைவு மண்டபத்தில் நட நினைத்தார்கள். பேச்சு பரவி, இலக்கு 5,000 ஆனது. '5000 பாப்பிகள்' என்றே பெயரும் நிலைத்தது. 2015 அன்சாக் நாளில் ஃபெடரேஷன் சதுக்கத்தில் அவற்றை விரித்தபோது இரண்டரை லட்சத்தைத் தாண்டிவிட்டது. முதியோர் இல்லங்கள், பள்ளிகள், தையல் குழுக்கள், வீட்டில் தனியாக இருந்தவர்கள் என்று எங்கெங்கிருந்தோ அஞ்சலில் வந்த பூக்கள். மறு வருடம் லண்டன் செல்சி மலர்க் கண்காட்சியில் ஏறக்குறைய 3 லட்சம் பூக்கள் சுமார் 2,000 சதுர மீட்டரை மூடின. 2018இல் கான்பெராவில் ஆஸ்திரேலியப் போர் நினைவகத்தின் புல்வெளியில் 62,000 பூக்களை நட்டார்கள். முதல் உலகப் போரில் இறந்த ஆஸ்திரேலியர் ஒவ்வொருவருக்கும் ஒரு பூ. அன்றைக்கு இந்த நாட்டின் மக்கள்தொகை 50 லட்சத்துக்கும் குறைவு. அதை மனதில் வைத்துக்கொண்டு 62,000 என்பதை யோசித்துப் பாருங்கள்.

2014இல் லண்டன் கோபுர அகழியில் பால் கம்மின்ஸ், டாம் பைப்பர் இருவரும் அமைத்த பீங்கான் பாப்பிகளைப் படத்தில் பார்த்திருப்பீர்கள். 8,88,246 பூக்கள், ஒவ்வொன்றும் கையால் வளைத்தவை. பிரிட்டனும் அதன் குடியேற்ற நாடுகளும் இழந்த ஒவ்வோர் உயிருக்கும் ஒன்று என்பது கணக்கு. பிரமிப்பான காட்சிதான். ஆனால் அத்தனை பெரிய எண்ணிக்கை முன்னால் மனது மலைத்துப்போய் நின்றுவிடுகிறது, யாரையும் தனியாக நினைக்க முடிவதில்லை. அடியில் பெயர் எழுதித் தைத்த ஒரே ஒரு கம்பளிப் பூ அதைவிட ஆழமாகத் தைக்கிறது. இது என் அபிப்பிராயம், மாற்றுக் கருத்துள்ளவர்கள் நிறையப் பேர் உண்டு.

சரி, நமக்கென்ன என்ற கேள்விக்கு வருகிறேன்.

முதல் உலகப் போரில் பிரிக்கப்படாத இந்தியாவிலிருந்து 13 லட்சம் பேர் வரை போனார்கள், சுமார் 74,000 பேர் திரும்பவில்லை. ஆஸ்திரேலியர்கள் உயிரைவிட மேலாகப் போற்றும் துருக்கியின் கலிப்போலிப் போர்முனையிலேயே, 1915 ஏப்ரல் 25 அன்று முதல் நாளே இந்திய மலைப் பீரங்கிப் படையினர் அவர்களோடு கரை இறங்கினார்கள். மேட்டு முகாம்களுக்குத் தண்ணீரையும் தோட்டாவையும் சுமந்து ஏறியவை இந்தியக் கோவேறு கழுதைப் படையின் கழுதைகள். பிரான்சில் நூவ் ஷப்பேல் நினைவகத்தில், கல்லறையே தெரியாத 4,700க்கும் மேற்பட்ட இந்தியர்களின் பெயர்கள் பொறிக்கப்பட்டிருக்கின்றன. மதராஸ் சாப்பர்ஸ் என்ற பொறியாளர் படைப்பிரிவு மெசபொட்டேமியா (இன்றைய ஈராக்) வரை போனது. சென்னை நந்தம்பாக்கத்தில், மவுண்ட் பூந்தமல்லி சாலையோரம் இருக்கும் போர்க் கல்லறைத் தோட்டத்தைப் பேருந்திலிருந்து பார்த்திருப்பீர்கள். உள்ளே ஒருமுறை போய் வாருங்கள். வரிசை வரிசையாக ஒரே அளவுக் கற்கள், ஒரு செடி வாடாமல் பராமரிக்கிறார்கள்.

இதில் ஒரு அநியாயமும் இருக்கிறது, அதை மறைக்கக் கூடாது. ஈராக்கிலுள்ள பாஸ்ரா நினைவகத்தில் அதிகாரிகளின் பெயர்களைப் பொறித்தார்கள். சாதாரண இந்தியச் சிப்பாய்களுக்கு அவரவர் படைப்பிரிவின் கீழ் எண்ணிக்கையை மட்டும் போட்டார்கள். காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம் 2021இல் தானே ஓர் அறிக்கை வெளியிட்டு, ஆப்பிரிக்க, ஆசியப் படையினரில் குறைந்தது 1,16,000 பேர் பெயர் சொல்லி நினைவுகூரப்படாமலோ, அறவே நினைவுகூரப்படாமலோ விடப்பட்டிருக்கிறார்கள் என்று ஒப்புக்கொண்டு மன்னிப்பும் கேட்டது. இறந்தபிறகும் தோலின் நிறம் பார்த்திருக்கிறார்கள். 'வெள்ளைக்காரர்களின் நினைவு' என்று உங்களுக்குத் தோன்றியதில் அந்த அளவுக்கு நியாயம் உண்டு.

இந்தக் கோபம் புதிதும் இல்லை. இலங்கையில் பாப்பி விற்ற காசில் பெரும்பங்கு பிரிட்டிஷ் வீரர்களுக்கே போனதால், 1931இல் ஏலியன் பெரேரா உள்ளூர் முன்னாள் வீரர்களுக்காக 'சூரிய மல்' விற்பனையைத் தொடங்கினார். சூரிய மல் என்பது வேறொன்றுமில்லை, நம் பூவரசம்பூ. பூவரச இலையைச் சுருட்டிப் பீப்பி ஊதாத பிள்ளை நம் ஊரில் உண்டா, அதே மரம்தான். 1933இல் டொரீன் யங் என்ற ஆங்கிலேயப் பெண்மணி பத்திரிகையில் இதற்காக எழுத, இளைஞர் கழகத்தினர் இதைக் கையிலெடுத்துக் காலனி ஆட்சிக்கு எதிரான இயக்கமாகவே மாற்றினார்கள். நவம்பர் 11 அன்று கொழும்புத் தெருக்களில் சிவப்புப் பூவுக்குப் போட்டியாக மஞ்சள் பூ விற்றது. வாங்கியவர்கள் பெரும்பாலும் ஏழைகள், சேர்ந்த காசும் குறைவு. ஆனால் அடுத்து 1934-35இல் மலேரியா கொள்ளைநோயாகப் பரவியபோது கிராமம் கிராமமாகப் போய் உழைத்தவர்களில் அந்த இளைஞர்கள் இருந்தார்கள். அதே 1933இல் பிரிட்டனில் கூட்டுறவுப் பெண்கள் சங்கம், இனிப் போரே வேண்டாம் என்று சொல்லி வெள்ளைப் பாப்பி கொண்டுவந்தது. 2018இல் இந்திய வீரர்களை நினைவுகூர லண்டனில் கதர்த்துணிப் பாப்பி வந்தது. பூவின் நிறத்தையும் துணியையும் அவரவர் தேவைக்கு மாற்றிக்கொண்டே வந்திருக்கிறார்கள். சிவப்பு உங்களுக்கு ஒப்பவில்லை என்றால் வெள்ளை நூலோ மஞ்சள் நூலோ எடுத்துக்கொண்டு போங்கள். நல்ல குழுவாக இருந்தால் யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள்.

கையால் செய்யும் பூவில் எனக்கு மிகவும் பிடித்தது, அது எந்த அரசுப் பட்டியலையும் எதிர்பார்த்து நிற்பதில்லை. யாருக்காகச் செய்கிறோம் என்பதை நாமே முடிவு செய்யலாம். நான் போகும் குழுவில் மலேசியாவிலிருந்து வந்த ஒரு தமிழ் அக்கா இருக்கிறார். அவர் எந்தச் சிப்பாய்க்காகவும் செய்வதில்லை. இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியர்கள் போட்ட சயாம் (தாய்லாந்து) மரண ரயில் பாதைக்கு ரப்பர் தோட்டத்திலிருந்து பிடித்துக்கொண்டு போன தன் தாத்தாவின் தம்பிக்காகச் செய்கிறார். அந்தப் பாதையில் இறந்த ஆஸ்திரேலியப் போர்க்கைதிகள் சுமார் 2,800 பேர். தாய்லாந்தின் காஞ்சனாபுரியிலும் மற்ற இடங்களிலும் அவர்களுக்குப் பெயரோடு கல்லறைகள் இருக்கின்றன. அவர்களோடு கூடவே மாண்ட ஆசியத் தொழிலாளர்கள் பல பத்தாயிரம் பேர், அதில் மலாயாத் தமிழர்கள் ஏராளம். பெரும்பாலோருக்குக் கல்லறையும் இல்லை, பெயர்ப் பட்டியலும் இல்லை. அக்கா பூவுக்கு அடியில் தைக்கும் நாடாவில் "சின்னத் தாத்தா, சயாம்" என்று மட்டும் தமிழில் எழுதுகிறார். வீட்டில் யாருக்கும் வேறு விவரம் தெரியாதாம். பக்கத்தில் உட்காருகிற ஆஸ்திரேலியப் பாட்டியின் அப்பா அதே பாதையில் கைதியாக இருந்து உயிரோடு திரும்பியவர். இருவருக்கும் அது தெரியவந்தது பின்னிக்கொண்டே பேசியபோதுதான்.

இனி வேலைக்கு வருவோம். நிஜப் பாப்பியை ஒருமுறை படத்தில் பெரிதாக்கிப் பாருங்கள். நாலு இதழ். மொட்டுக்குள் மடங்கி நெருக்கிக் கிடந்ததால் விரிந்த பிறகும் கசங்கலாகவே இருக்கும். அதனால் நீங்கள் செய்வது கொஞ்சம் கோணலாக, சுருக்கமாக வந்தால் கவலையே வேண்டாம், அதுதான் பூவுக்கு உயிர்.

குரோஷா என்ற கொக்கி ஊசிப் பின்னல்தான் சுலபம், ஒரே ஊசி. 8 இழை உல்லன் நூலும் 4 மில்லிமீட்டர் குரோஷா ஊசியும் போதும். கறுப்பு நூலில் ஒரு வளையம் போட்டு அதற்குள் 6 குட்டைத் தையல் போட்டு இறுக்குங்கள். அடுத்த சுற்றில் ஒவ்வொரு கண்ணிலும் இரண்டிரண்டு, மொத்தம் 12 கண். இது நடுப்பகுதி. இப்போது சிவப்பு நூலை மாட்டுங்கள். 12 கண்ணை மும்மூன்றாகப் பிரித்தால் நாலு இதழ். ஒவ்வோர் இதழுக்கும் முதல் கண்ணில் மூன்று சங்கிலி போட்டு ஏறி, அந்த மூன்று கண்ணிலும் தலா மூன்று நீளத் தையல் (ஊசியில் நூலை ஒரு சுற்று சுற்றிக்கொண்டு போடுவது), கடைசிக் கண்ணில் மறுபடி மூன்று சங்கிலியால் இறங்கி அதே கண்ணில் இழுத்து முடித்துவிடுங்கள். மூன்று கண்ணில் ஒன்பது தையல் நெருக்கியடிப்பதால் இதழ் தானே சுருங்கிக் குழியும். இணையத்தில் செய்முறை தேடினால் ஒன்றைக் கவனியுங்கள்: இந்த நீளத் தையலை பிரிட்டன், ஆஸ்திரேலியக்காரர்கள் 'ட்ரெபிள்' என்பார்கள், அமெரிக்கர்கள் 'டபுள்' என்பார்கள். எந்த ஊர்ச் செய்முறை என்று பார்க்காமல் பின்னினால் பூவின் அளவே மாறிவிடும்.

ஊசியே பிடிக்க வராதென்றால் ஃபெல்ட் துணி. சிவப்பில் இரண்டு வட்டம் வெட்டி, ஒன்றின்மேல் ஒன்றாகக் கொஞ்சம் விலக்கி வைத்து, நடுவில் ஒரு கறுப்புப் பட்டன் வைத்துத் தைத்துவிட்டால் முடிந்தது. பட்டன் தைக்கும்போது நூலைக் கொஞ்சம் இழுத்துக் கட்டினால் வட்டம் கிண்ணமாகக் குவியும். சின்னப் பிள்ளைகளுக்கு இதுவே சரி. அவர்களிடம் போரைப் பற்றி நீளமாகப் பேச வேண்டாம், ஒரு ஆளின் பெயரும் ஊரும் வயதும் சொன்னால் போதும். காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையதளத்தில் பெயர் போட்டுத் தேடலாம், பெற்றோரின் பெயர் வரை சிலருக்குக் கிடைக்கும்.

வெளியில் வைக்கப்போகிற பூவென்றால் பருத்தி நூல் வேண்டாம், மழை பட்டால் தண்ணீர் குடித்துத் தொங்கிவிடும். அக்ரிலிக் தாங்கும். தண்டுக்கு முலாம் பூசிய கம்பி எடுங்கள், சாதாரணக் கம்பியின் துரு ஒரே மழையில் இதழுக்கு ஏறிவிடும். எல்லோரும் ஒரே சிவப்பில் செய்ய வேண்டும் என்று யாராவது பிடிவாதம் பிடித்தால் விட்டுக்கொடுக்காதீர்கள். குங்குமச் சிவப்பு, செங்கல் சிவப்பு, ஆரஞ்சு கலந்தது என்று பல சாயல் சேர்ந்தால்தான் தூரத்திலிருந்து பார்க்கும்போது வயல் மாதிரி தெரியும். வலையில் கட்டுவதானால் 10 சென்டிமீட்டர் அகலப் பூ சதுர மீட்டருக்கு 100 வேண்டும். ஒரு சுவரை மூடப் பல மாதம் ஆகும், எனவே ஆகஸ்டிலாவது தொடங்கியாக வேண்டும். பெயர் எழுதுகிற நாடாவுக்கு சலவையில் போகாத மை. வலையைப் பிரித்தபிறகு பூக்களை மொத்தமாக மூட்டை கட்டிப் போடாமல், பெயர் உள்ளவற்றைத் தனியாக எடுத்து வைக்கச் சொல்லுங்கள். அடுத்த வருடம் அவற்றை முதலில் கட்டலாம்.

போகும்போது ஒரு பந்து கறுப்பு நூல் வாங்கிக்கொண்டு போங்கள். எல்லோரும் சிவப்பையே கொண்டுவருவார்கள், கறுப்புதான் எப்போதும் தட்டுப்பாடு.